எது உடை? அந்தமானில் எழுந்த ஒரு கேள்வி

அந்தமான் போவது என்று முடிவானதும் என் மனைவி செய்த முதல் காரியம், பீரோவிலிருந்த பழைய துணிகளை எடுத்துத் துவைத்து, இஸ்திரி போட்டு, ஒரு பையில் அடுக்கியதுதான். "அங்கே ஆதிவாசிகள் துணியே இல்லாம இருக்காளாமே, கொடுத்துட்டு வரலாம்" என்றாள். நல்ல எண்ணம். நானும் ஆட்சேபிக்கவில்லை. அந்தப் பை எங்களோடு விமானம் ஏறியது. அது என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

போர்ட் பிளேர் என்று நாம் படித்த ஊருக்கு 2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அங்கே ஃபீனிக்ஸ் பே பகுதியில் மானுடவியல் ஆய்வுத் துறையின் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. சுற்றுலாக் கூட்டம் கடற்கரைகளுக்கும் சிறைக்கும் போய்விடுவதால் இங்கே நெரிசல் கிடையாது. தீவுகளின் பழங்குடிகள் பயன்படுத்தும் வில், அம்பு, கூடை, படகு ஆகியவற்றோடு அவர்கள் உடம்பில் அணிவனவும் உள்ளன. ஜாரவா ஆண்கள் மார்பைச் சுற்றிக் கட்டும் மரப்பட்டைக் கவசம், ஓங்கிப் பெண்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் நார்க் குஞ்சம், தாழை ஓலையை மடித்துச் செய்த அரைப்பட்டைகள். குஞ்சத்தைப் பார்த்துவிட்டு என் மனைவி, "இதுல துணியே இல்லையே, இதைப் போய் உடைன்னா எப்படி?" என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்டதுதான். ஆனால் ஆயிரத்து முந்நூறு வருஷங்களாக இந்தத் தீவுகளுக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி அதுவே என்பது, ஊர் திரும்பிப் புத்தகங்களைப் புரட்டியபோது தெரிந்தது.

7-ஆம் நூற்றாண்டில் பௌத்த நூல்களைத் தேடிக் கடல் வழியாக பாரதம் வந்த சீன யாத்ரீகர் இத்சிங், வழியில் 'நிர்வாணிகள் தேசம்' என்ற ஒன்றைக் குறிப்பிடுகிறார். அது நிக்கோபார்தான் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து. கப்பல் தென்பட்டதும் அவர்கள் சிறு படகுகளில் தேங்காயும் வாழைப்பழமும் கொண்டுவந்து, பதிலுக்கு இரும்பு கேட்பார்களாம். வியாபாரிகள் வேடிக்கைக்காகத் துணியை நீட்டினால், வேண்டாம் என்று கையை ஆட்டுவார்களாம். நமக்கு இது அவர்கள் அறியாமை. அவர்களுக்கு எது தேவை, எது தேவையில்லை என்பது தெளிவாக இருந்திருக்கிறது.

நம் தமிழிலும் அந்தத் தீவுக்கு நக்கவாரம் என்று பெயர். ராஜேந்திர சோழன் 1025-ஐ ஒட்டிக் கடல் கடந்து வென்ற இடங்களின் வரிசையில் மாநக்கவாரமும் உண்டு என்று அவனுடைய மெய்க்கீர்த்தி சொல்கிறது. 'நக்ன' என்ற வடசொல்லோடு இதைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. நக்கன் என்பது சிவபெருமானுக்கே உரிய பெயர். திசைகளையே ஆடையாக உடுத்தவர் என்பதால் திகம்பரர் என்கிறோம். சுவாமி விஷயத்தில் நமக்குப் புரிகிற ஒன்று, மனிதர் விஷயத்தில் ஏனோ புரிவதில்லை.

வேடிக்கையான சங்கதி ஒன்றும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களிடம் பணியாற்றிக் கப்பலில் இந்தப் பக்கம் வந்த ஸ்வீடன் நாட்டவர் கியோப்பிங், நிக்கோபார் மனிதர்களுக்கு வால் இருப்பதாக எழுதிவைத்தார். 18-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து நீதிபதியும் அறிஞருமான மான்போடோ பிரபு அதைச் சான்றாகவே எடுத்து வாதாடினார். விஷயம் இவ்வளவுதான்: நிக்கோபார் ஆண்கள் ஒடுக்கமான துணி ஒன்றை அரையில் சுற்றிக் கோவணமாகக் கட்டி, அதன் நுனியைப் பின்னால் தொங்க விடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தவர் கண்ணுக்கு அது வால்! அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அங்கே தங்கிய ஃபான்டானா என்ற வைத்தியர் உண்மையை எழுதினார். அவர்களிடம் இருந்தது உடை என்று ஐரோப்பா ஒத்துக்கொள்ள ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. பஞ்சகச்சத்தின் நுனி காற்றில் பறந்தால் நம்மையும் அப்படி எழுதியிருப்பார்களோ என்னவோ.

பிற்காலத்தில் நிக்கோபாரிகள் தேங்காய்க்குப் பதிலாகத் துணி வாங்கத் தொடங்கினார்கள். சிவப்புத் துணிக்கு நல்ல மதிப்பு. இறந்தவர் உடலைச் சுற்றுவதற்கு உறவினர்கள் துணி துணியாகக் கொண்டுவருவார்கள். ஐரோப்பியர் கழித்துப்போட்ட உயரமான தொப்பிகளும் கோட்டுகளும் கூட மதிப்பாக வாங்கி அணியப்பட்டன. ஆக, அவர்கள் துணியை வெறுத்தவர்கள் அல்ல. தங்களுக்கு வேண்டியபோது, வேண்டிய இடத்தில் எடுத்துக்கொண்டார்கள். அந்தமானியரின் கதை அப்படியில்லை.

அந்தமானில் ஆங்கிலேயர் கைதிகளைக் குடியேற்றத் தொடங்கியது 1858 மார்ச்சில். அதற்குச் சில மாதங்கள் முன்பு இடம் பார்க்க வந்த டாக்டர் மௌவாட் குழு, அந்தமானியர் ஒருவரைப் பிடித்துக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனது. 'ஜாக்' என்று பெயர் வைத்து, மாலுமி உடை மாட்டி, ஊருக்குக் காட்டினார்கள். அவர் நோயில் விழவே, பிடித்த இடத்திலேயே திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். 1863-ல் பாதிரியார் கார்பின் பொறுப்பில் 'அந்தமான் இல்லம்' ஏற்பட்டது. பழங்குடிகளை அங்கே தங்கவைத்து, உடுத்தவும் வேலை செய்யவும் பழக்குவது நோக்கம். அதே வருஷம் அவரும் சிலரைக் கல்கத்தாவுக்கு அழைத்துப்போனார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் திரண்டது.

இந்தக் காலத்து அதிகாரிகளில் கவனிக்க வேண்டியவர் எட்வர்ட் ஹோரஸ் மேன். 1869-லிருந்து சுமார் முப்பது வருஷம் இந்தத் தீவுகளில் இருந்தவர். அவர்கள் பாஷையைக் கற்றவர். அவர் சேகரித்து அனுப்பிய பொருள்களைப் பற்றி, பிற்காலத்தில் பிட் ரிவர்ஸ் என்று புகழ்பெற்ற லேன் ஃபாக்ஸ் லண்டன் மானுடவியல் சங்கத்தில் உரையாற்றினார். அது 1878-ல் அச்சாயிற்று. 1882-ல் மேனின் சொந்தக் கட்டுரையும் அதே சங்கத்தில் வாசிக்கப்பட்டது.  அவர் சேகரித்த அரைப்பட்டைகளும் மாலைகளும் இன்றும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் உள்ளன.

மேனின் கட்டுரையில் ஒரு செய்தி என்னை நிறுத்திவிட்டது. அந்தமானியப் பெண்கள் இடுப்பில் பட்டை கட்டி, முன்னால் இலைகளைக் கொத்தாகச் செருகிக்கொள்வார்கள். இலை வாடினால் மாற்ற வேண்டும். அப்படி மாற்றும்போது இன்னொரு பெண் எதிரில்கூட மாற்றமாட்டார்களாம். தனியே மறைவிடம் போய் மாற்றிக்கொண்டு வருவார்களாம். 'நிர்வாணிகள்' என்று அரசாங்கக் காகிதங்கள் எழுதிய பெண்களின் லஜ்ஜை இது. அந்த இலைக்கொத்து அவர்களுக்கு முழு உடை. அதைப் பார்த்தவர்களுக்கு அது உடையாகத் தெரியாததால்தான் மேலே துணி போர்த்தினார்கள்.

துணி அங்கே என்ன செய்தது? நாளெல்லாம் மழை பெய்யும் காடு. நம்மைப் போல மாற்றுத் துணியும், உலர்த்தக் கொடியும், துவைக்கச் சோப்பும் இல்லாதவர்களுக்கு நனைந்த துணி உடம்பிலேயே காய வேண்டும். உடம்பில் பூசும் வெண்களிமண்ணும் சிவப்புக் காவியும் மழையில் கரைந்தால் திரும்பப் பூசிக்கொள்ளலாம். துணி அப்படி அல்ல. நோய்கள் பரவக் காரணம் துணி மட்டும் என்று சொல்லமாட்டேன். 1877-ல் வந்த தட்டம்மைக்குத் துணி மேல் பழி போட முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர் 1901 கணக்கெடுப்பில் 625 பேராகவும் 2011-ல் 44 பேராகவும் குறைந்தது நடந்த விஷயம். உடுத்தப் பழக்கிய இல்லம் அவர்களைக் காப்பாற்றவில்லை.

அருங்காட்சியகத்திலிருந்து செல்லுலார் ஜெயில் அதிக தூரமில்லை. அன்று மத்தியானமே போனோம். 1896-ல் தொடங்கி 1906-ல் முடிந்த கட்டடம். நடுவே கோபுரமும் அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள் போல ஏழு சிறகுகளும் இருந்தன. இப்போது மூன்றுதான் பாக்கி. 1979 பிப்ரவரி 11 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் இதைத் தேசிய நினைவுச் சின்னமாக அர்ப்பணித்தார். உள்ளே கைதிகளின் உருவ பொம்மைகளும் விலங்குகளும் காட்சிக்கு உள்ளன. காலையில் பழங்குடி உடையைப் பார்த்துவிட்டு வந்ததாலோ என்னவோ, எனக்கு இங்கேயும் உடைதான் முதலில் கண்ணில் பட்டது.

முழங்கால் வரை ஒரு ஜாங்கியா, ஒரு முரட்டுத் துணிக் குர்த்தா, ஒரு குல்லாய். வேஷ்டி கட்டிப் பழகிய வங்காளத்துப் பட்டதாரிகள் 1909 டிசம்பரில் இங்கே வந்து இறங்கியதும் இதை மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் ஸ்ரீ அரவிந்தரின் தம்பி பாரீந்திர குமார் கோஷ். அவருடைய சிறை அனுபவ நூலின் ஆங்கில வடிவம் 1922-ல் நம் பாண்டிச்சேரியிலேயே வெளியாயிற்று. கழுத்தில் இரும்பு வளையம். அதில் தொங்கும் மரத்துண்டில் கைதியின் எண், தண்டனை பெற்ற தேதி, விடுதலை தேதி எல்லாம் பொறித்திருக்கும். 1911-ல் வந்த சாவர்க்கரின் கழுத்தில் தொங்கியதில் விடுதலை வருஷம் 1960. இப்படி ஒரு ஆபரணம்!

ஒழுங்கை மீறியவர்களுக்குக் கோணித் துணியில் தைத்த சட்டை. கோணியை மூட்டைக்குப் போட்டாலே நம் கை அரிக்கிறது. அந்தமான் புழுக்கத்தில், வியர்வையில், நாளெல்லாம் தேங்காய் மட்டையை அடித்து நார் உரிக்கிறவன் உடம்பில் அது என்ன பாடுபடுத்தியிருக்கும்? அலிப்பூர் வழக்கில் வந்த இந்துபூஷண் ராய் என்ற இளைஞர், வேலையும் அவமானமும் தாங்காமல் 1912 ஏப்ரலில் தம் அறையில் தூக்கிட்டு இறந்தார். கயிறு எங்கிருந்து வந்தது? தம் குர்த்தாவைக் கிழித்துத் திரித்துக்கொண்டார். அரசாங்கம் கொடுத்த உடைக்கு அவர் கண்ட உபயோகம் அது.

இனி நமக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். உள்ளே நுழைந்ததும் பிராமணக் கைதிகளின் பூணூலை அறுத்துவிடுவது இந்தச் சிறையின் வழக்கம். சீக்கியர் கேசத்தையும் முஸ்லிம்களின் தாடியையும் தொடாத சிறை, இதை மட்டும் பொருட்படுத்தவில்லை என்று அன்றைய கைதிகள் தங்கள் நினைவுக் குறிப்புகளில் குறைப்பட்டிருக்கிறார்கள். அதிகாரிகளின் கண்ணில் அது உடை அல்ல; ஒரு பருத்தி நூல், அவ்வளவே.

வெறும் நூல்தானா? நம் சாஸ்திரங்களைப் பார்த்தால் கதை சுவாரஸ்யமானது. உபவீதம் என்பது ஆதியில் நூலே அல்ல. இடது தோள் மேல் போட்டு வலது கைக்குக் கீழே கொண்டுவரும் மேலாடை. தைத்திரீய ஆரண்யகம் மான்தோலையும் வஸ்திரத்தையும் அதற்குச் சொல்கிறது. ஆபஸ்தம்ப தர்ம சூத்திரம், கிருஹஸ்தன் எப்போதும் உத்தரீயம் அணிந்திருக்க வேண்டும் என்று விதித்துவிட்டு, அதற்குப் பதிலாக வெறும் சூத்திரமும் போதும் என்று சலுகை தருகிறது. அந்தச் சலுகைதான் நாளடைவில் விதியாகிவிட்டது. இன்றும் மூன்றாவது பூணூல் உத்தரீயத்தின் ஸ்தானத்தில் என்று வாத்தியார் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஆக, நம் தோளில் இருப்பது சுருங்கிச் சுருங்கி நூலாகிவிட்ட ஒரு துணி. தக்ளியில் நூற்று, மும்முறை மடித்து முறுக்கி, நான்கு விரல்களைச் சேர்த்து 96 சுற்று அளந்து, பிரம்ம முடி போட்ட உடை. என் பாட்டனார் ஆவணி அவிட்டத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே திண்ணையில் உட்கார்ந்து தக்ளி சுற்றுவார். நான் நூற்ற ஒரே இழை நடுவில் அறுந்து, அவரிடம் திட்டு வாங்கியது ஞாபகம் இருக்கிறது.

இந்த நூலுக்காக அந்தச் சிறையில் உயிர் விட்டவர் ஒருவர் உண்டு. பெயர் பண்டிட் ராம் ரக்ஷா. பஞ்சாப் பிராமணர். முதல் உலகப் போர்க் காலத்தில் பர்மாவில் நடந்த சதி வழக்கில் தண்டனை பெற்று வந்தவர். வெளிநாடுகள் பார்த்தவர். கடல் கடந்தால் ஜாதி போகும் என்று பயந்து வாழ்ந்த ஆசாமி அல்ல. ஆனால் வாசலில் பூணூலை அறுத்தபோது, அது இல்லாமல் ஆகாரம் கொள்வதில்லை என்று உறுதியாக நின்றார். பட்டினி நாள்கள் கூடின. குழாய் வைத்து பலவந்தமாக ஆகாரம் புகட்டினார்கள். உடல் தளர்ந்து, க்ஷயரோகம் கண்டு, 1919-ல் சிறையிலேயே காலமானார். சாவர்க்கர் தம் மராட்டி நினைவு நூலில் இவரை எழுதியிருக்கிறார்.

ராம் ரக்ஷாவை நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? வருஷா வருஷம் ஆவணி அவிட்டத்தன்று கல்யாண மண்டபத்தில் ஐந்து நிமிஷத்தில் பூணூல் மாற்றிக்கொண்டு காபிக்கு ஓடுகிறோம். நான் உட்படத்தான். இதே நூலைக் காட்டி மற்றவர்களைத் தள்ளிவைத்த பழி நமக்கு உண்டு. அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. பூணூலைத் தாமே கழற்றிவைத்த நம்மவர்களும் உண்டு. அது அவரவர் மனசாட்சி. ஆனால் ஒருவன் உடம்பிலிருந்து இன்னொருவன் அறுப்பது வேறு. ராம் ரக்ஷா எதிர்த்தது அதைத்தான்.

சிறைக்கு எதிரே உள்ள பூங்காவில் அங்கே உயிர் நீத்த ஆறு பேருக்குச் சிலைகள் இருக்கின்றன: இந்துபூஷண் ராய், பாபா பான் சிங், ராம் ரக்ஷா, பிறகு 1933 உண்ணாவிரதத்தில் இறந்த மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோஹித் மைத்ரா. அங்கே சற்று நேரம் உட்கார்ந்திருந்தபோது என் மனைவி சொன்னாள்: "காலம்பற பார்த்த அந்தக் குஞ்சமும் இப்படித்தானே?" நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்ததை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். இலைக்கொத்தை உடை என்று கருதாத அதே ஆட்சி, நூலையும் உடை என்று கருதவில்லை. முன்னதன் மேல் துணி போர்த்தியது; பின்னதை அறுத்து எறிந்தது. அணிந்திருந்தவர்களை இரண்டு இடத்திலும் யாரும் கேட்கவில்லை.

ஆங்கிலேயரோடு இது முடிந்துவிட்டதா என்றால், இல்லை. 1974-ல் ஜாரவாக்களோடு நம் நிர்வாகத்தின் சிநேகத் தொடர்பு ஏற்பட்டது. தேங்காய், வாழைப்பழத்தோடு சிவப்புத் துணியும் பரிசாகப் போயிற்று. அவர்கள் அதைக் கிழித்து நாடாவாகத் தலையில் கட்டிக்கொண்டார்கள். 1997-98 முதல் அவர்கள் தாமாகக் காட்டை விட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். 1999-ல் தட்டம்மை பரவிற்று. அவர்கள் காட்டின் ஊடே போகும் நெடுஞ்சாலையில் வாகனங்களிலிருந்து பிஸ்கட்டும் பழைய துணியும் வீசப்பட்டன. ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லிப் படம் எடுத்த காட்சி 2012 ஜனவரியில் லண்டன் பத்திரிகை ஒன்றின் மூலம் வெளியே வந்து உலகம் முழுவதும் நாம் தலைகுனிந்தோம். அதே வருஷம் 1956-ஆம் வருஷத்துப் பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறை திருத்தப்பட்டு, தண்டனைகள் கடுமையாயின.

மறுநாள் விடியற்காலை பாராதாங் போக ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளின் வரிசையில் நின்றோம். எங்கள் டிரைவர் தமிழர். தாத்தா காலத்திலேயே ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். பின் சீட்டில் இருந்த பையைப் பார்த்து, "என்ன சார் அது?" என்றார். சொன்னேன். "வேண்டாம் சார். வழியில வண்டியை நிறுத்தக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, எதுவும் கொடுக்கக் கூடாது. உங்களுக்கும் கேஸ், எனக்கும் கேஸ்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அம்மா தப்பா நினைக்கக் கூடாது. அவங்ககிட்ட துணி இல்லைன்னு யாரு சொன்னது?" என்றார்.

வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுக்குள் நுழைந்தன. கண்ணாடியை ஏற்றிவிட்டோம். வழியில் யாரையும் பார்க்கவில்லை. பார்க்காததே நல்லது என்று தோன்றிற்று. பையை என் மனைவி காலடியில் தள்ளிவைத்தாள். அது எங்களோடு சென்னை திரும்பி, இஸ்திரி கலையாமல் பீரோவில் இருக்கிறது.